மலை இறங்க அஞ்சுகிறேன் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் சிற்றூரில், இருக்கிறேன். வயது 36, பள்ளி ஆசிரியை. கடந்த பங்குனியில் மேட்டுப்பாளையம் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, குஞ்சப்பனை வருவதற்குள் காது அடைத்து, நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்துப்போய், அந்த இடத்திலேயே உயிர் போய்விடும் என்று தோன்றியது. அதன் பிறகு இருமுறை அப்படியே ஆயிற்று. மூன்று முறை ஈசிஜி எடுத்தாகிவிட்டது. "கேஸ் தொல்லைதான்" என்கிறார்கள். உறவினரின் மருந்துக்கடையில் பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை வாங்கி, முதலில் மலை இறங்கும் நாளில் மட்டும் போட்டேன். பிறகு இறங்குவதையே நிறுத்திவிட்டேன். ஆனாலும் இரண்டு மாதமாக இரவில் பாதி மாத்திரை இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

நீங்களும் பதற்றத்துக்குச் சிகிச்சை எடுத்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். நான் யாரிடம் போவது? இங்கே மனநல மருத்துவரைப் பார்த்தால் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். மாத்திரை ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விட முடியாது என்கிறார்களே, உண்மையா? தை மாதம் கோயம்புத்தூரில் தம்பியின் திருமணம். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "பிறகு இறங்குவதையே நிறுத்திவிட்டேன்" என்பது. மலையில் இருப்பவர்களுக்கு இது மிக எளிது. பள்ளி, சந்தை, கோயில், உறவு எல்லாம் மேலேயே இருக்கும்போது, ஒருவர் ஆண்டுக்கணக்கில் கீழே போகாமல் இருந்தாலும் அவருக்கு நோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "சமவெளி வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது" என்பார்கள். நானே மூன்று ஆண்டுகள் அந்த வெயிலின் பின்னால் ஒளிந்திருந்தேன். இறங்காத ஒவ்வொரு நாளும் உடனடியாக ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் அச்சத்துக்குத் தீனி.

உங்களுக்கு நேர்ந்தவற்றைப் பார்த்தால் பீதித் தாக்கம் (panic attack), அதாவது திடீரென உச்சத்துக்கு ஏறும் அச்சம், போலத் தெரிகிறது. ஆனால் அதை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர், நான் அல்லன். ஈசிஜி எடுத்தது நல்லது. தைராய்டு, ரத்தச்சோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள், ஏனென்றால் அவையும் படபடப்பைத் தரும். அந்தப் பாதையில் ஏறத்தாழ 33 கிலோமீட்டருக்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். காது அடைப்பதும் வளைவுகளில் தலை சுற்றுவதும் பேருந்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் நேர்வதுதான். பதற்றம் உள்ளவர் அதைக் கூர்ந்து கவனித்து, ஆபத்து என்று படித்துவிடுகிறார். மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சுவிடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் விரல்கள் மரக்கின்றன, தலை கிறுகிறுக்கிறது. அதைப் பார்த்து அச்சம் இன்னும் ஏறுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு அது தானாக இறங்கத் தொடங்கும். "கேஸ்" என்று சொல்லி அனுப்பியவர்கள் உங்களைத் தேற்ற நினைத்திருக்கலாம், ஆனால் அதனால் ஐந்து மாதம் போயிற்று.

யாரிடம் போவது என்பதில் முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுத உரிமை உள்ளவர். மருத்துவ உளவியலாளர் பேச்சும் பயிற்சியும் கொண்டு சிகிச்சை தருபவர். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. "கவுன்சலர்" என்ற பலகையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நன்கு பயின்றவரும் அதை மாட்டியிருக்கிறார், வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்தவரும் மாட்டியிருக்கிறார்.

உங்கள் நிலையில் நான் முதலில் மனநல மருத்துவரையே பார்க்கச் சொல்வேன். காரணம் அந்தப் பாதி மாத்திரை. அல்பிரசோலம் விரைவில் வேலை செய்யும், விரைவில் பழக்கமும் ஆகும். இரண்டு மாதம் தினமும் எடுத்த பிறகு இந்தப் பதிலைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் பதற்றமும் தூக்கமின்மையும் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும், அரிதாக வலிப்புகூட வரும். எவ்வளவு, எத்தனை நாளாக என்பதை மறைக்காமல் சொன்னால் அவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். மருந்துச் சீட்டு இல்லாமல் அதைக் கொடுத்த உறவினரைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அன்பால் செய்திருப்பார், செய்திருக்கக் கூடாது.

பதற்றத்துக்கு மருத்துவர்கள் பொதுவாக முதலில் எழுதுவது எஸிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற வேறு வகை மாத்திரைகள். அவை பழக்கமாகும் வகையைச் சேர்ந்தவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டலும், சிலருக்குப் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான்காம் நாளே தூக்கிப் போட்டுவிட்டு "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பவர்கள் அதிகம், அந்தக் கணக்கில் நானும் ஒருவன். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடரச் சொல்வார்கள். பிறகு மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். ஆயுளுக்கும் என்பது பொதுவான விதி அல்ல.

ஆனால் மாத்திரை பேருந்தில் ஏற்றிவிடாது. அதற்கு சிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை வேண்டும். 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வடிவமைத்த முறையிலிருந்து வளர்ந்தது. வாரம் ஒருமுறையாகப் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகளில் முடியும்.

என் முதல் உளவியலாளர் சமவெளியில் ஒரு நகரத்தில் இருந்தார். ஆறு வாரம் நல்லதையே நினைக்கச் சொன்னார், இடையிடையே தம் வாழ்க்கைக் கதையையும் சொன்னார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. இரண்டாமவர் முதல் மாதத்திலேயே என்னை மாடிப்படியில் ஒரு நிமிடம் ஓடி ஏறச் சொல்லி, மூச்சிரைக்க நின்றவனிடம், "இப்போது இருக்கும் படபடப்புக்கும் பேருந்தில் வரும் படபடப்புக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எனினும் இதயம் வேகமாக அடித்தும் சாகாமல் நிற்பதை உடலுக்கு இப்படித்தான் கற்றுத்தர முடியும் என்று பின்னர் புரிந்தது. ஆகவே முதல் சந்திப்பில் இதைக் கேளுங்கள்: "பீதித் தாக்கத்துக்கு எப்படிச் சிகிச்சை தருவீர்கள், இரண்டு அமர்வுகளுக்கு நடுவே நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?" இதற்குத் தெளிவான விடை இல்லாதவரிடம் நான்காம் அமர்வுக்குப் போகத் தேவையில்லை. கட்டணத்தையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்கள் பயிற்சி ஏறத்தாழ இப்படி இருக்கும் என்று ஊகிக்கிறேன். முதலில் துணையோடு அரவேணு வரை போய்த் திரும்புவது, பிறகு தனியாக. அது சலித்துப்போகும் அளவுக்குப் பழகிய பின் குஞ்சப்பனை, அதன் பிறகு மேட்டுப்பாளையம். புறப்படும் முன் அல்பிரசோலம் போட்டுக்கொண்டால் வெற்றி மாத்திரையின் பெயரில் எழுதப்பட்டுவிடும் என்பதால் அதையும் மருத்துவரோடு பேசித் திட்டமிட வேண்டும். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை அருகே யானை சாலைக்கு வரும். அதைக் கண்டு வரும் அச்சத்தை மட்டும் குணப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற கவலையை நான் சிறியதாக நினைக்கவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. மருத்துவர் உங்கள் பள்ளியிடம் பேச முடியாது. ஆனால் காத்திருக்கும் பெஞ்சில் அத்தை முறை உள்ள ஒருவர் வந்து உட்கார்வதை எந்தச் சட்டமும் தடுக்காது. அதற்கு வழி தொலைபேசிதான். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். அடுத்து யாரைப் பார்ப்பது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அந்த நிமிடமே அழைக்க வேண்டிய எண்ணும் அதுதான். நேரில் போக மனம் துணிந்தால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்றும் விசாரியுங்கள்.

உளவியலாளரைக் காணொளி வழியாகவும் பார்க்கலாம். வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் எல்லாம் கேட்கும் என்பதால், நான் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்துக் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயிருந்து பேசினேன். தமிழில் பேசுபவராகத் தேடுங்கள், படுகு மொழி தெரிந்தவர் அமைந்தால் அதைவிட நல்லது. பயத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது நாம் பயத்தை விட்டுவிட்டு ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டிருப்போம்.

திருமணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது ஆவணி, தைக்குள் சிகிச்சைக்குப் போதுமான வாரங்கள் இருக்கின்றன. யாரிடம் சென்றாலும் முதல் சந்திப்பிலேயே திருமணத் தேதியைச் சொல்லிவிடுங்கள். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி அரவேணுவுக்கு எந்த வாரம், குஞ்சப்பனைக்கு எந்த வாரம் என்று பிரித்துக்கொள்ள அவருக்கு வசதியாக இருக்கும்.