பாரிஸில் 4 இரவு, சுவிஸில் 4 இரவு: விசா எந்த நாட்டில் கேட்பது?

கேள்வி: மே 10 பாரிஸில் இறங்கி 4 இரவு, பிறகு சுவிட்சர்லாந்தில் 4, ரோமில் 3. நான், மனைவி, 9 வயது மகள், 68 வயது அப்பா. சென்னையில் சுவிஸ் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது. அதில் போடலாமா? வேறென்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், நங்கநல்லூர்)

பதில்: இந்தத் திட்டப்படி பிரான்ஸ் விசாவுக்குத்தான் போட வேண்டும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன்; அவற்றில் அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிப்பது அதன் விதி. நாள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. சுவிஸ்தான் வசதி என்றால் ரோமில் ஓர் இரவைக் குறைத்து அங்கே 5 ஆக்குங்கள். ஆனால் பயணமும் அப்படியே நடக்க வேண்டும். விசா கைக்கு வந்ததும் ஹோட்டலை மாற்றிக்கொள்ளும் தந்திரம் வேண்டாம்; எல்லையில் கேட்டால் பதில் இருக்காது.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து, அதாவது நவம்பர் 10 முதல் போடலாம். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில நேரம் 45 நாள்கூட ஆகும். கோடை விடுமுறைக் கூட்டத்துக்கு முன்பே, ஜனவரியில் முடித்துவிடுவது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மகளுக்கு 45; விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயது ஆகாததால் அவளுக்குக் கைரேகை கிடையாது.

அவளுடைய பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடம்தான். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் அது செல்லுபடியாக வேண்டும்; இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் அதிகம் தகராறு செய்வது இனிஷியல். வங்கிக் கணக்கில் எஸ். ராமநாதன், பாஸ்போர்ட்டில் ராமநாதன் சுப்பிரமணியன், பென்ஷன் புத்தகத்தில் ராமநாதன் மட்டும் என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்பது கவுன்டரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இனிஷியலின் விரிவைச் சொல்லும் கடிதம் ஒன்றை இணையுங்கள். ஆதார், பான் நகலும் கூடவே இருக்கட்டும். பழைய பாஸ்போர்ட் சிலவற்றில் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். அப்படியானால் டிக்கெட்டில் பெயரை எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டபிறகே பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம்.

விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மைத்துனரிடம் வாங்கிக் கணக்கில் போட்ட 5 லட்சம் உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். சம்பளம் மாதாமாதம் வந்து செலவாகும் சாதாரண ஸ்டேட்மென்ட்டே மேல். அப்பாவின் செலவு உங்களுடையது என்றால் அதை எழுதிக் கையெழுத்திட்டு, அவருடைய பென்ஷன் விவரத்தையும் வையுங்கள். லீவு கடிதம், டிக்கெட், ஹோட்டல், இன்சூரன்ஸ் நான்கிலும் தேதிகள் ஒத்துப்போக வேண்டும்.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும். அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காதீர்கள்; மறைத்தால் கிளெய்ம் வராது. மாத்திரைகள் அட்டையோடு, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வரட்டும். சுவிஸ் பனிமலையில் உள்ள யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர் உயரம். அவரை ஏற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகப் போகும். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். மெல்லிய இரண்டு பின் போன் சார்ஜர் மூன்று நாட்டிலும் பொருந்தும். நம் மூன்று பின் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். கடையில் மெஷின் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள்; சுவிட்சர்லாந்தில் என்றால் ஃபிராங்கை. ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை.