பாலம் எப்போது உடைய வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய போர்களைக் காய்களும் பகடையும் வைத்து மேசைமேல் விளையாடுகிறவர்கள். சமீபத்தில் 1809 மே 21, 22 தேதிகளில் வியன்னாவுக்குப் பக்கத்தில் நடந்த ஆஸ்பர்ன்-எஸ்லிங் போரை எடுத்துக்கொண்டோம். வரலாற்றில் நடந்ததுபோலவே இருக்கட்டும் என்று, நான்காவது சுற்றிலும் ஒன்பதாவது சுற்றிலும் டான்யூப் நதிப் பாலம் உடையும் என விதி வைத்தோம். பிரெஞ்சுப் பக்கம் ஆடியவர் ஆஸ்பர்ன், எஸ்லிங் இரண்டு ஊர்களுக்குள்ளும் புகுந்துகொண்டு அசையவே இல்லை. ஆஸ்திரியப் பக்கம் பீரங்கியால் அடித்துக்கொண்டே இருந்தது. பாதியிலேயே சலித்துவிட்டது. முடிவு தெரிந்த போரை ஆடுவதில் என்ன இருக்கிறது? இன்னொன்று, இதற்கெல்லாம் விலை உயர்ந்த சிப்பாய் பொம்மைகள் கட்டாயம் வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சரியாகத்தான் ஆடியிருக்கிறார். கோளாறு விதியில் இருக்கிறது. பாலம் எந்தச் சுற்றில் உடையும் என்று முன்கூட்டியே தெரிந்தால் யார்தான் ஊரைவிட்டு வெளியே வருவார்கள்? ரயில் அட்டவணையைக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் அவசரப்படவில்லை என்று கேட்பது மாதிரி இருக்கிறது.

நெப்போலியனுக்கு அன்று என்ன தெரியும் என்று பாருங்கள். மே 13இல் வியன்னா விழுந்துவிட்டது. ஆனால் ஆஸ்திரியர்கள் பாலங்களை அழித்துவிட்டுத்தான் போனார்கள். எனவே ஆற்றோட்டத்தில் நகருக்குக் கீழே, ஆற்றின் நடுவே இருக்கும் லோபாவ் தீவு வழியாகப் படகுகளைக் கோத்து மிதவைப் பாலம் போட்டார். ஆஸ்திரியத் தளபதி இளவரசர் சார்லஸின் முக்கியப் படை பக்கத்தில் இல்லை என்று நம்பினார். உண்மையில் அது 95,000 பேருக்குக் குறையாமல் வடகரையின் மார்ஷ்ஃபெல்டு சமவெளியில் காத்திருந்தது. பாதிப் படை ஆற்றைக் கடக்கட்டும், அப்புறம் அடிக்கலாம் என்பது சார்லஸின் கணக்கு. 21ஆம் தேதி பிற்பகல் சண்டை தொடங்கியபோது அக்கரையில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஏறத்தாழ 25,000 பேர்தான்.

ஆக, இந்தப் போரின் சுவாரசியமே வடகரையில் நிற்பவனுக்குத் தெரியாத விஷயங்களில் இருக்கிறது. அதை மேசைக்குக் கொண்டுவர நடுவர் ஒருவர் வேண்டும். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதியபோதே இதைச் செய்துவிட்டார். படைகள் எதிராளியின் கண்ணுக்குப் படும் இடத்துக்கு வந்தால்தான் நடுவர் காயை வரைபடத்தில் வைப்பார். நம் ஊர் ஆட்டக்காரர்களுக்கு நடுவர் என்றாலே ஆகாது, எல்லோருக்கும் மார்ஷலாகத்தான் ஆசை. பரவாயில்லை, முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாலத்தைச் சுற்று எண்ணிடமிருந்து பிடுங்கி ஆஸ்திரியரிடம் கொடுங்கள். வரலாற்றில் அதை உடைத்தவர்களே அவர்கள்தான். பனி உருகி ஆறு பெருகிக்கொண்டிருந்தது. ஆற்றின் மேற்பகுதியிலிருந்து மரக்கட்டைகளையும், கல் ஏற்றிய படகுகளையும், தீ வைத்த மிதவை மாவு ஆலைகளையும் வெள்ளத்தில் விட்டார்கள். நான் பயன்படுத்தும் விதி இது: ஆஸ்திரியரிடம் ஆறு சீட்டுகள். எந்தச் சுற்றில் எதை விடுகிறார் என்று எழுதி நடுவரிடம் ரகசியமாகக் கொடுக்க வேண்டும். கட்டை என்றால் பகடையில் 6 விழுந்தால்தான் பாலம் உடையும், ஆலை என்றால் 4 போதும். இரண்டாம் நாள் வெள்ளம் ஏறுவதற்காக ஒன்று கூட்டிக்கொள்ளலாம். உடைந்ததைச் சரிசெய்ய பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டலாம். 5 அல்லது 6 விழ வேண்டும்.

உடைந்த செய்தியை உடனே சொல்லாதீர்கள். ஒரு சுற்று கழித்து, தூதன் குதிரையில் வந்து சேர்ந்த பிறகு சொல்லுங்கள். 22ஆம் தேதி காலை பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் லான் ஆஸ்திரிய அணியின் நடுவே புகுந்து முன்னேறிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் பாலம் போன செய்தி வந்தது. இன்னொரு பிரெஞ்சு மார்ஷலான தாவூவின் படை தென்கரையிலேயே மாட்டிக்கொண்டது, வெடிமருந்தும் வரவில்லை. தாக்குதலை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. அந்த ஒரு சுற்றுத் தாமதத்தை வைத்துப் பாருங்கள், உங்கள் நண்பர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

தாவூவின் காய்களைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, பிரெஞ்சு ஆட்டக்காரரின் முழங்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் காபி டம்ளர் வைக்கும் எவர்சில்வர் தட்டு அது. ஒவ்வொரு சுற்றிலும் அவர் கண் அங்கேதான் போகும். மேசையில் முதன்மை ஆறே வேண்டாம். வடகரையில் பாலம் வந்து சேரும் சிறு இடம், ஆஸ்பர்ன், எஸ்லிங், நடுவில் வெட்டவெளி, அவ்வளவு போதும்.

ஊர்களைப் பற்றி ஒன்று. ஆஸ்பர்னில் தேவாலயமும் மதில் சூழ்ந்த கல்லறைத் தோட்டமும், எஸ்லிங்கில் கல்லால் கட்டிய தானியக் களஞ்சியமும்தான் உயிர்நிலைகள். ஆஸ்பர்ன் திரும்பத் திரும்பக் கை மாறியது. களஞ்சியமோ கிரெனடியர்கள் என்ற தேர்ந்த ஆஸ்திரியக் காலாட்படையினர் மோதி மோதியும் விழவில்லை. இரண்டுக்கும் ஒரே தற்காப்பு எண்ணைக் கொடுத்தால் எஸ்லிங் சீக்கிரம் விழுந்து ஆட்டம் கோணிவிடும்.

வெற்றி நிபந்தனையையும் மாற்றுங்கள். பிரெஞ்சுக்காரர் ஜெயிக்க சார்லஸைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. படையின் முக்கால் பங்கை லோபாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் அவருக்கு நல்ல மதிப்பெண். மார்ஷல் ஒருவரை இழந்தால் கழித்துக்கொள்ளுங்கள். லான் பீரங்கிக் குண்டால் கால் சிதைந்து மே 31இல் இறந்தார். சார்லஸ் பின்வாங்கும் படையைத் துரத்தவில்லை. உங்கள் ஆஸ்திரியர் துரத்துவாரா என்பதே தனி ஆட்டம்.

இது பழகிய பிறகு அதே ஆண்டின் ஜூலை 4 இரவைத் தொடுங்கள். அதே தீவு, அதே எதிரி. ஆனால் இந்தத் தடவை நெப்போலியன் ஆறு வாரம் செலவழித்து மரத்தூண் நட்டுப் பாலம் கட்டினார். மிதந்து வருவதைத் தடுக்க ஆற்றில் பாலத்துக்கு மேற்புறம் வேலியும் அடித்தார். இடி மழைக்கு நடுவே, எதிர்பார்க்காத கிழக்குப் பக்கமாக இறங்கினார். அது அடுத்து நடந்த வாக்ரம் போரின் முன்னுரை. அங்கே பாலம் உடையாது, ஆகவே உங்கள் சீட்டுகள் செல்லாது. எங்கே இறங்கப்போகிறான் என்று ஊகிப்பதுதான் ஆஸ்திரியரின் வேலை.

பொம்மைகள் பற்றி: வேண்டவே வேண்டாம். ரைஸ்விட்ஸின் ஆட்டமே சிவப்பு, நீலக் கட்டைகளை வரைபடத்தில் நகர்த்துவதுதான். அட்டையை வெட்டிப் படைப்பிரிவின் (டிவிஷன்) பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பெரிய வரைபடம் அச்சடித்துக்கொள்ளலாம், அதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.