மூடிய ஐடியும் பள்ளிக்கூட வேலையும்

கேள்வி: நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். தனியார் பள்ளியில் மாதம் 11,000 ரூபாய் சம்பளம். சில மாதங்களாக இரவில் ஒரு வெளிநாட்டு ஆப்பில், ஏ.ஐ. சொல்லும் தமிழ்ப் பதில்களைத் திருத்தி மார்க் போடும் வேலையும் செய்கிறேன். அதில் பள்ளியைவிட அதிகம் வந்த மாதங்களும் உண்டு, அதனால் இந்தக் கல்வியாண்டோடு பள்ளியை விட்டுவிடலாம் என்றிருந்தேன். போன வாரம் 'விதிமீறல்' என்று ஒரு வரி மெயில் அனுப்பி ஐடியை மூடிவிட்டார்கள். 140 டாலர் உள்ளே மாட்டிக்கொண்டது. 'அது ஃபிராடுதான், அப்பவே சொன்னேன்' என்கிறார் கணவர். தம்பியோ, 'என் பேர்ல புது ஐடி போட்டுத் தரேன், அதுல செய்' என்கிறான். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: பள்ளியை இப்போது விடாதீர்கள். தம்பி ஐடியில் செய்யாதீர்கள். இவ்வளவுதான் பதில், ஆனால் காரணம் புரியாவிட்டால் அடுத்த ஆப் வந்ததும் திரும்ப இதே இடத்தில் வந்து நிற்பீர்கள், அதனால் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவருக்கு. ஆளைச் சேர்க்கவே பணம் கேட்கும் போலி ஆப்கள் நிறைய இருக்கின்றன, அவர் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் செய்தது நிஜ வேலை. அமெரிக்காவில் 2009-ல் வெளியான இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பு இல்லாமல் இன்றைய ஏ.ஐ. இந்த வேகத்தில் வந்திருக்காது, அதில் உள்ள 1.4 கோடிக்கும் மேற்பட்ட படங்களுக்குப் பெயர் போட்டவர்கள் சின்னச் சின்ன இணைய வேலைகளைப் பலருக்கும் பிரித்துக் கொடுக்கும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளம் வழியாக 167 நாடுகளிலிருந்து வேலை செய்த ஏறத்தாழ 49,000 பேர். இன்று நீங்கள் தமிழுக்குச் செய்வதும் அதே வரிசையில் வரும் வேலைதான்.

தொழிலில் பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த மாதிரி வேலையை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஸ்கேல் ஏ.ஐ. நிறுவனத்தில் 49 சதவீதப் பங்குக்கு ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2025 ஜூனில் போட்ட தொகை சுமார் 1,430 கோடி டாலர். ஆனால் அதே ஸ்கேலின் ரிமோடாஸ்க்ஸ் தளம் அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் கென்யாவில் கடையை மூடியது, அதை நம்பியிருந்தவர்களுக்கு அதற்கப்புறம் அந்த ஐடியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆலையை மூடினாலாவது வாசலில் போய் உட்காரலாம், இங்கே வாசலே கிடையாது. நீங்கள் சேரும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிய பக்கங்களைத் திறந்து பாருங்கள், நீங்கள் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர் என்றும், வழக்கு என்றால் வெளிநாட்டில் எங்கோ என்றும் பெரும்பாலும் இருக்கும். வேலை வேண்டும்போது ஆள் வேண்டும், வேண்டாதபோது ஆளுக்குப் பொறுப்பு வேண்டாம், அதற்காகவே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் தப்பு என்று மட்டும் நினைத்து உடைந்து போகாதீர்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்றால், கொஞ்சம்தான். ஐடியை முடக்குவதை ஒரு மனிதரே முடிவு செய்ய வேண்டும், காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் விதி போட்டது, ஆனால் அது அங்கே வேலை செய்பவர்களுக்கு. கர்நாடகம் 2025-ல் கொண்டுவந்த சட்டத்திலும் முன்னறிவிப்பு, எழுத்தில் காரணம் எல்லாம் உண்டு. நம் தமிழ்நாட்டில் 2023 கடைசியில் அமைத்த கிக் தொழிலாளர் (ஆப் வழியாக அவ்வப்போது வேலை வாங்கிச் செய்பவர்கள்) நல வாரியம் நல உதவிகளுக்கானது, டெலிவரி, டாக்சி ஓட்டும் பிள்ளைகளை மனதில் வைத்து வந்தது. இங்கே அலுவலகமே இல்லாத கம்பெனியிடம் 140 டாலரை அது வாங்கித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே நீங்களே கேளுங்கள். ஒரே மெயில் போதும், ஆனால் அதில் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: எந்த விதியை மீறினேன் என்பது ஒன்று, ஐடி மூடியது இருக்கட்டும், ஏற்கெனவே 'அப்ரூவ்' ஆன வேலைக்குக் காசு எப்போது வரும் என்பது இன்னொன்று. டாஸ்க் எண், தேதி, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். திட்டி எழுதினால் அதையே காரணமாக்கி மூட்டை கட்டிவிடுவார்கள். அப்புறம் மனசாட்சியோடு யோசியுங்கள்: தம்பி அதே லேப்டாப்பிலோ அதே வைஃபையிலோ எப்போதாவது தன் ஐடி போட்டுப் பார்த்தானா? இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டீர்களா? அவசரத்தில் வேறு ஏ.ஐ.யிடம் பதில் வாங்கி ஒட்டினீர்களா? ஐடி போவதற்கு வழக்கமான காரணங்கள் இவை.

இனி வேறு தளத்தில் சேர்ந்தாலும் காசை உள்ளே சேர்த்து வைக்காதீர்கள், குறைந்தபட்சத் தொகை வந்ததும் எடுத்துவிடுங்கள். வந்த பணத்துக்கான வங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அது உங்கள் வருமானம், கணக்கில் காட்ட வேண்டியது. ஒரு மாதம் நோட்டில் நேரம் எழுதிப் பாருங்கள். டாஸ்க் செய்த நேரம் மட்டும் போதாது, நாற்பது பக்க விதிமுறையைப் படித்தது, காசில்லாத தேர்வு எழுதியது, டாஸ்க் வருமா என்று நடுராத்திரி வரை விழித்திருந்தது எல்லாம் சேர வேண்டும். அப்போது மணிக்கு என்ன நிற்கிறது என்று பார்த்தால் 'பள்ளியைவிட அதிகம்' என்பது அநேகமாகச் சுருங்கிவிடும். (பட்டதாரிக்கு 11,000 கொடுக்கும் பள்ளியை நான் மெச்சவில்லை, அது வேறு அநியாயம், இன்னொரு இதழில் பேசுவோம்.)

இந்த வேலை பிடித்திருக்கிறது என்றால் ஆப்பை நம்பாமல் கம்பெனியைத் தேடுங்கள். பக்கத்து திருவாரூர் மாவட்டத்தில் கொல்லுமாங்குடியிலேயே தேசிக்ரூ என்ற நிறுவனம் கிராமத்துப் பிள்ளைகளை வைத்து வெளியூர் கம்பெனிகளின் டேட்டா வேலையை 2000-களிலேயே தொடங்கியது. தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் இப்போது ஏ.ஐ.க்கான டேட்டா வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் இடங்கள் உண்டு. சம்பளம் டாலர் மாதிரி மின்னாது. ஆனால் பணி நியமனக் கடிதம், பி.எஃப். கேட்க முடியும், மேலாளர் என்று எதிரே ஓர் ஆள் இருப்பார். அப்படி ஒரு கடிதம் கையில் வந்த அன்றைக்குப் பள்ளியை விடுவதைப் பற்றி யோசியுங்கள்.

தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். ஆனால் காசு அவன் பெயரில், அவன் பான் எண்ணில் வரும், திடீரென்று முகத்தைக் காட்டச் சொல்லிச் சரிபார்த்தால் அவன் ஐடியும் போகும். அவனுக்கும் ஆசை என்றால் அவனே தன் லேப்டாப்பில் தேர்வு எழுதிச் சேரட்டும்.