இஸ்வாரா ரேடியேட்டரும் என் இடது கையும்

தம்பி, மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, பழைய புரோட்டோன் இஸ்வாரா ஒன்று வாங்கினேன், ரேடியேட்டர் ஒழுகுகிறது, வீட்டிலேயே மாற்றலாமா, புதுசு என்ன விலை, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தை உங்கள் வீட்டம்மா முடிவு செய்யட்டும். விலையை ஈப்போவில் ரெண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் தெரிந்துவிடும். கடையில் ரிங்கிட் என்று இழுக்காதீர்கள், இங்கே நம்ம ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ரேடியேட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதற்கான ரசீது என் இடது முழங்கைக்குக் கீழே இன்னும் இருக்கிறது.

நான் வந்தது 1997 கடைசியில். வெள்ளி சரிந்துகொண்டிருந்த நேரம். ஊருக்கு அனுப்பும் பணம் மாதாமாதம் சுருங்கும். 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அப்புறம் ஒரு பழைய புரோட்டோன் சாகா கார் வாங்கினேன், முதல் ரகம், எனக்கு முன்னால் எத்தனை பேர் கை பட்டதோ தெரியாது. தைப்பிங்கில் இருந்து ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிற வழியில், மெனோரா சுரங்கத்து ஏற்றத்தில் இன்ஜின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டினேன், பானெட்டைத் தூக்கினேன், ரேடியேட்டர் மூடியை ஒரு திருகு திருகினேன். அவ்வளவுதான்.

அது வெறும் மூடி இல்லை தம்பி, அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு. மேலே 0.9 (பார் அழுத்தம்) என்று போட்டிருந்தால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் கிடக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். கூட வந்தவன் நல்ல எண்ணத்தில் புண் மேல் பற்பசையை அப்பினான். கிளினிக்கில் அதைச் சுரண்டி எடுத்தபோதுதான் உண்மையில் கத்தினேன். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்டியிருக்க வேண்டும்.

ஆக, ராத்திரி முழுக்க நின்ற காரில், விடிகாலையில் வேலையை ஆரம்பியுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், சில கார்களில் சாவி இல்லாமலே ஃபேன் சுற்றும். பழைய தண்ணீரை பேசினில் பிடியுங்கள், லோங்காங்கில், அதாவது சாக்கடையில், விடாதீர்கள். அதில் கலந்திருக்கும் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம், இனிக்கும், தெரு நாயும் பூனையும் நக்கிவிட்டுச் செத்துப்போகும். ரப்பர் ஹோஸ் ஒட்டிக்கொண்டால் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள், பிளேடால் நீளவாட்டில் கீறி உரித்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். முன்னால் நிற்கிற ஏர்கான் கண்டென்சரின் குழாயில் கை வைக்க வேண்டாம். ஆட்டோ கியர் என்றால் அடித்தொட்டியில் கியர் ஆயில் குழாய் ரெண்டு வரும், கழற்றியதும் அடைத்து வையுங்கள். கடைக்குப் பழைய ரேடியேட்டரைக் கையோடு கொண்டு போங்கள், மேனுவலுக்கும் ஆட்டோவுக்கும் ஒன்றே என்று ஏமாந்து வராதீர்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டியவர். நம் ஊரில் இருந்து வருகிற சிலபேருக்கு இங்குள்ள தோட்டத்துத் தமிழர் என்றால் இளக்காரம், அவர்கள் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஆறே மாதத்தில் கடனுக்கு மைவி கார் வாங்கிவிட்டு, வேலை தெரிந்தவரைப் பார்த்து "இதெல்லாம் ஒரு பொழைப்பா" என்பார்கள். எனக்குக் கை வெந்தபோது அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை. பெரியவர்தான் காலையில் "பசியாறியாச்சா தம்பி" என்று கேட்டுக்கொண்டு ஸ்பேனரோடு வந்தார். அன்று அந்தத் தமிழ் எனக்கு நன்றாகவே புரிந்தது.

"இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, பிடுங்கிப் போடு, பைப் தண்ணி ஊத்து" என்று உங்களுக்கும் நாலு பேர் சொல்வார்கள். தெர்மோஸ்டாட் என்பது சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு. நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன், தப்பு. இந்தக் கார்களுக்கு இன்ஜின் பிளாக் இரும்பு, அதன் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துரு பிடித்துத் தேநீர் நிறத்தில் வரும். கூலண்டும் வடிகட்டிய தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். பிறகு மூடி போடாமல் இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அது சூடேறுமுன் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள், குறையக் குறைய ஊற்றுங்கள். ஃபேன் ஒருமுறை சுற்றி நின்றதும் மூடலாம். மறுநாள் காலை ஆறினபின் திறந்து அளவைப் பாருங்கள். மூடியும் புதுசு, அதே நம்பர்.

இன்னொன்று, ரேடியேட்டர் உட்கார்கிற அடி ரப்பர் பழையதில் ஒட்டிக்கொண்டே போய்விடும். அது இல்லாமல் மாட்டினால் ஆடி ஆடிப் புதிய பிளாஸ்டிக் தொட்டியும் வெடிக்கும். பெரியவர் என்னைக் குப்பைத்தொட்டியில் தேடவிட்டது அந்த ரப்பருக்காகத்தான், மீன் செதிலுக்கு நடுவே கிடந்தது.