பார்த்தெனான்ல ஏன் ஒட்டுப் போட்ட கல்லு? – கடிதம்

வணக்கம் சார்,

போன மாசம் குடும்பத்தோட ஏதென்ஸ் போயிருந்தோம். அங்க அக்ரோபொலிஸ் குன்று மேல இருக்கிற பழைய கிரேக்கக் கோயில், பார்த்தெனான், அதைப் பாக்கணும்னு காலேஜ் நாள்லேர்ந்து ஆசை. போய் நின்னா பக்கத்துல கிரேன், தூண்ல அங்கங்க வெள்ளை வெளேர்னு புதுக்கல்லு, பழைய வேட்டிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி. ரிப்பேர் பண்ண 1975லயே கமிட்டி போட்டாங்களாம், இன்னும் வேலை முடியல. கட்டினவங்களே பதினஞ்சு வருஷத்துல முடிச்சுட்டாங்களே சார்?

ஆர்.

ஆர்,

கடுப்பு புரியுது, ஆனா கி.மு. 447ல ஆரம்பிச்சவங்க மலையிலேர்ந்து புதுக்கல்லை வெட்டி வரிசையா அடுக்கினாங்க, இவங்க கையில கிடைச்சது வெடிச்சு சிதறின குவியல். 1687ல துருக்கிக்காரங்க கோயிலுக்குள்ள வெடிமருந்து வச்சிருக்க, வெனிஸ் படை அடிச்ச குண்டு நேரா அதுலயே விழுந்துச்சு.

அதைவிட பெரிய தலைவலி, முன்னாடி ஒருத்தர் பண்ணின ரிப்பேர். பலானோஸ்னு ஒரு இஞ்சினியர், 1898லேர்ந்து 1933 வரைக்கும் விட்டு விட்டு வேலை பாத்தார். கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல. பழைய கிரேக்கங்க கல்லையும் கல்லையும் இரும்பு கிளாம்ப் போட்டு இணைச்சு மேல ஈயத்தை உருக்கி ஊத்திடுவாங்க, தண்ணி உள்ள போகாது, துரு பிடிக்காது. இவர் இரும்பை போட்டார், ஈயத்தை விட்டுட்டார். துரு பிடிச்ச இரும்பு உப்பும்ல, உப்பி உப்பி, ரெண்டாயிரம் வருஷம் தாங்கின பளிங்கை உள்ளேர்ந்தே பிளந்துடுச்சு. போதாததுக்கு, எந்தக் கல் எந்த இடத்துதுன்னு பாக்காம, பாக்க ஒண்ணு போல இருந்ததை தூக்கி வச்சிருந்தார். அந்தக் கட்டடத்துல அது நடக்காது சார், தரையே நேர் கிடையாது, நீள வாக்குல நடுவுல சுமார் 11 சென்டிமீட்டர் மேடு, தூண் எல்லாம் லேசா உள்பக்கம் சாஞ்சிருக்கும், அதனால ஒவ்வொரு கல்லும் அதோட சொந்த இடத்துல மட்டும்தான் சரியா உக்காரும். அதனால முதல்ல அவர் கட்டினதை கழட்டணும், துருவை எடுக்கணும், கிளாம்ப் குழி, உடைஞ்ச விளிம்பு, எல்லாத்தையும் அளந்து கல்லோட பழைய வீட்டை கண்டுபிடிக்கணும். மனோலிஸ் கொரெஸ்னு ஒரு ஆர்க்கிடெக்ட், இதுக்கே வாழ்க்கையை குடுத்தவர்.

இப்ப உங்க ஒட்டுக்கு வரேன். புதுக்கல்லும் அதே பென்டெலி மலைக்கல்தான், பழசும் வெட்டினப்ப இப்படித்தான் வெள்ளையா இருந்திருக்கும். உடைஞ்ச பழைய கல்லை பொருத்தறதுக்காக செதுக்க மாட்டாங்க, அதோட மேடு பள்ளத்தை அப்படியே புதுக்கல்லுல செதுக்கி ஒட்டுவாங்க, உள்ள துருவே பிடிக்காத டைட்டானியம் கம்பி. நாளைக்கு வரவன் தப்புன்னு நினைச்சா கழட்டிக்கலாம். எது பழசு, எது புதுசுன்னு தெரியறதை நான் அழகுன்னே சொல்வேன், நீங்க ஒத்துக்க வேண்டாம்.

2012ல நான் போனப்ப கீழ இருக்கிற அக்ரோபொலிஸ் மியூசியத்துல காரியாடிட் சிலைகளை, அதான் அதே குன்று மேல இருக்கிற எரெக்தியான் கோயில்ல கூரையை தலையில தாங்கின பொண்ணுங்க, லேசர் வச்சு சுத்தம் பண்ணிட்டிருந்தாங்க. லேபுக்கு தூக்கிட்டு போகல, கேலரியிலயே சிலையைச் சுத்தி ஒரு அடைப்பு, உள்ள நடக்கிறது வெளிய ஸ்க்ரீன்ல ஓடுது. கரி படிஞ்ச பின்னல் துளித்துளியா வெளுக்குறதை கிரிக்கெட் மாதிரி நின்னு பாத்தேன், கூட வந்தவங்க காபிக்கு போயிட்டாங்க. அந்த வருஷம் அந்த வேலைக்கு, மராமத்தை ஜனங்களுக்குப் புரிய வச்சதுக்குன்னே குடுக்கிற கெக் விருதும் கிடைச்சுது. ஸ்கூல் பசங்களுக்கு பாடப் பெட்டி கடன் குடுக்கிறது கூட மேல வேலை பாக்கிற அதே அமைப்புதான். ஆனா மேல கோயில் பக்கத்துல நிக்கிறவனுக்கு இந்த விளக்கம் ஈசியா கிடைக்கலன்னா, உங்க புகார்ல நியாயம் இருக்கு.

எடுத்த போட்டோல, படிக்கட்டு மூலையிலேர்ந்து நீள வாக்குல எடுத்தது ஏதாவது இருந்தா பெருசு பண்ணி பாருங்க, மேடு தெரியும். தெரிஞ்சா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க, என்னுது எல்லாம் பழைய ஃபோனோட போயிடுச்சு.