பின்பக்கத்துப் புள்ளிக்கோடு

கேள்வி: 12 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளத்தில் ஒரு மனை வாங்கினோம். லேஅவுட் வரைபடத்தில் பின் எல்லையிலிருந்து 3 மீட்டர் உள்ளே ஒரு புள்ளிக்கோடு. அதற்குள் கழிவுநீர்க் குழாய் போவதாகக் குறித்திருக்கிறது. பின்பக்க செட்பேக், அதாவது எல்லையிலிருந்து கட்டடம் தள்ளி நிற்க வேண்டிய தூரம், 1.5 மீட்டர்தான். “முழுசும் உங்க இடம், 1.5 விட்டுட்டுக் கட்டுங்க” என்கிறார் விற்றவர். மேஸ்திரியோ 4.5 விட வேண்டும் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே இடிக்கிறதம்மா. இடம் உங்களுடையதுதான். ஆனால் அந்த 3 மீட்டருக்குள் வந்து தோண்டும் பாத்தியதை குழாய்க்காரர்களுடையது. மனை எத்தனை கை மாறினாலும் அதுவும் கூடவே வரும். உங்கள் கிரயப் பத்திரத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் தாய்ப் பத்திரத்தைப் புரட்டுங்கள்.

மேஸ்திரி இரண்டையும் கூட்டிவிட்டார். பொதுவாக இரண்டையும் ஒரே எல்லைக்கல்லிலிருந்துதான் அளப்பார்கள். எது அதிகமோ அவ்வளவு விட்டுத்தான் கட்டடம் நிற்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 3. சில இடங்களில் செட்பேக்கைப் புள்ளிக்கோட்டிலிருந்து அளக்கச் சொல்வதுண்டு. அங்கே மேஸ்திரி கணக்கு சரி. அனுமதி தரும் அலுவலகத்தில் இதை மட்டும் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம், அளப்பது கல்லிலிருந்து, வேலியிலிருந்து அல்ல. நான் சர்வேயராக இருந்தபோது கல்லோடு ஒட்டி நின்ற வேலியைப் பார்த்தது குறைவு.

ஒரு குழாய்க்கு எதற்கு 3 மீட்டர் என்று தோன்றும். குழாய் 2 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று வையுங்கள். முட்டுக் கொடுக்காமல் தோண்டினால் மண் சரியாமலிருக்க இருபக்கமும் சாய்த்து வெட்ட வேண்டும். 45 பாகைச் சாய்வில் வெட்டினாலே குழியின் வாய் 4 மீட்டரைத் தாண்டிவிடும். முட்டுக் கொடுத்தால் குழி ஒடுங்கும்தான். எடுத்த மண்ணை எங்கே குவிப்பது, இயந்திரம் எங்கே நிற்பது? 3 மீட்டர் என்பதே கஞ்சத்தனம்.

கோட்டை ஒட்டிச் சுவர் வருவதானால் அஸ்திவாரத்தையும் பாருங்கள். குழாயின் அடியிலிருந்து வீட்டுப் பக்கமாக மேல்நோக்கி 45 பாகையில் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். அஸ்திவாரத்தின் அடி அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே நின்றால், நாளை குழி தோண்டும்போது சுவர் இறங்கும்.

ஒருமுறை வரைபடத்தில் இருந்த மேன்ஹோலை இடத்தில் காணோம். டேப்பைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு வீட்டின் படுக்கையறைக்குள் கொண்டுபோய் விட்டது. பீரோவை நகர்த்தி டைல்ஸைத் தட்டிப் பார்த்தோம். ஒரு டைல் மட்டும் ‘டொக்’கென்றது. அடியில் மூடி! அறையைக் கட்டியவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். உடைத்த செலவு வாங்கியவர் தலையில்.

அந்த 3 மீட்டரில் புல், செடி, கழற்றி மாட்டும் வேலி வைக்கலாம். வேர் ஓடும் மரம் வேண்டாம். சிமென்ட் தளம் போட்டால், உடைத்தவர்கள் திரும்பப் போட்டுத் தருவார்களா என்பது பாத்தியதைப் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. சன்ஷேடு ஆகாயத்தில்தானே இருக்கிறது என்று நீட்டிவிடாதீர்கள். தோண்டும் இயந்திரத்தின் கை அங்கேதான் சுழலும்.