நவோனாவை யார் கட்டினார்கள்?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ரோம் போயிருந்தோம். பியாட்ஸா நவோனா சதுக்கத்து நீரூற்றில் நதிச்சிலை ஒன்று கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. எதிரே உள்ள தேவாலயம் சரிந்துவிடும் என்று அது அஞ்சுவதாகவும், அதன் கட்டடக் கலைஞர் பொரோமினியைக் கேலி செய்யவே சிற்பி பெர்னினி அப்படி வடித்தார் என்றும் வழிகாட்டி சொன்னார். உண்மையா? அந்தச் சதுக்கத்தைக் கட்டியது யார்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கட்டுக்கதை. நீரூற்று திறக்கப்பட்டது 1651-ல். தேவாலய வேலை தொடங்கியதே 1652-ல். இல்லாத சுவருக்கு எந்தச் சிலை அஞ்சும்?

இரண்டாவது கேள்விதான் என்னைக் கோபப்படுத்துகிறது. சில வாரங்களாக இதே நினைப்பில் இருக்கிறேன். பழைய இடம் எதைக் கண்டாலும் ஒரு பெரிய மனிதரின் பெயரைத் தேடும் வழக்கத்தை எப்போது விடப்போகிறோம்? நவோனாவை யாரும் கட்டவில்லை, அம்மா. அது கட்டாமல் விட்ட இடம்.

கி.பி. 86 வாக்கில் ரோமப் பேரரசன் தொமிஷியன் அங்கே ஓட்டப்பந்தய அரங்கம் எழுப்பினான். பேரரசு போனது, விளையாட்டும் நின்றது. பிறகு வந்த சாதாரண ஜனங்கள் இடிந்த பார்வையாளர் படிகளையே அஸ்திவாரமாக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். ஓடுகளம் மட்டும் வெறுமையாக நின்றது. சதுக்கம் நீளமாக, ஒரு முனை வளைந்து இருப்பது அதனால்தான். வடக்கு முனைக்குப் பின்னால் தோர் சங்குயிஞா பக்கம் ஒரு கட்டடத்தின் அடியில் எட்டிப் பார்த்தேன். இன்றைய தெருவுக்குப் பல அடி கீழே அரங்கத்தின் கல் வளைவு. மேலே நாலாவது மாடியில் ஒரு கிழவி மேசைத்துணியை உதறிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

1477 முதல் 1869 வரை ஊர்ச்சந்தை கூடியது இந்தச் சதுக்கத்தில்தான். போப் பத்தாம் இன்னொசென்ட் நீரூற்றுக்கு மேல் உயரமான கல்தூண் ஸ்தூபியை நிறுத்திய காலத்தில் ரொட்டி விலை ஏறிக் கிடந்தது. ஸ்தூபி எதற்கு, ரொட்டி கொடு என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் 1652-லிருந்து ஆகஸ்ட் மாத வார இறுதிகளில் ஊற்றின் வடிகாலை அடைத்துச் சதுக்கத்தில் தண்ணீர் தேக்கினார்கள். பிரபுக்களின் வண்டிகள் சக்கரம் நனைய ஓட, ஏழைப் பிள்ளைகள் அதே தண்ணீரில் கும்மாளமிட்டார்கள். 1866 வரை நடந்தது இது. வழிகாட்டி இதைச் சொன்னாரா?

இன்னொன்று. அந்த நீரூற்றில் சிலைகளாக இருக்கும் நான்கு நதிகளில் ஒன்று நம் கங்கை. நாம் தாய் என்பவளை அங்கே தாடி வைத்த ஆணாக, கையில் துடுப்போடு உட்கார வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போன நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. எடுத்த படங்களைத் திறந்து பாருங்கள், எங்காவது ஓரத்தில் அந்தத் துடுப்பு இருக்கும்.